கோயில் அண்டாவும் வீட்டு அடுப்பும்

(தொலைக்காட்சி அரங்கு நிகழ்ச்சியில், கெடா மாநிலம் யான் வட்டாரத்தைச் சேர்ந்த கணினிப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘தனித்து ஓடும் நிரலும் பகிர்ந்துகொள்ளும் நூலகமும்’. தலைப்பைக் கேட்டதும், இது கணினி படித்தவர்கள் சமாச்சாரம் என்று யாரும் அலைவரிசையை மாற்றிவிட வேண்டாம். இது உங்கள் வீட்டு விஷயம்தான்.

உங்கள் வீட்டுக் கணினியில் என்றாவது ஒருநாள் ஓர் அறிவிப்பு வந்திருக்கும். ‘இன்ன டி.எல்.எல். கோப்பைக் காணவில்லை. ஆகவே இந்த நிரலைத் தொடங்க முடியாது’ என்று. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று ஓடாது. பிள்ளையின் பள்ளி வேலை பாதியில் நிற்கும். கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவோம். சில கடைகளில், ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் போட வேண்டும்’ என்று சொல்லி ஐம்பது, நூறு ரிங்கிட் கேட்பார்கள். காசு போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். அதோடு சேர்ந்து அழிந்துபோன பாட்டியின் படமும், மகளின் கல்யாணப் படமும் திரும்ப வருமா?

இவற்றில் பல, காசு செலவில்லாமல் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடக்கூடிய கோளாறுகள். காணாமல் போனது என்ன, அது யாருடையது, எங்கிருந்து கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அண்டா தானாகச் சமைக்காது

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப் போவது உடனே புரியும். லயத்து வீடு ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு இருக்கும். அன்றாடச் சமையலுக்கு அது போதும். கல்யாணம், கருமாதி, திருவிழா என்று வந்துவிட்டால் ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்க வேண்டும். அதற்கான அண்டாவை வீட்டுக்கு ஒன்று யாரும் வாங்கி வைப்பதில்லை. கோயில் சாமான் அறையில் பெரிய அண்டா இருக்கும், கரண்டி இருக்கும், ஜமுக்காளம் இருக்கும். தலைவரிடம் சொல்லி, எழுதிவைத்துவிட்டு எடுத்து வருவோம். வேலை முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுப்போம்.

கணினிக்குள்ளும் இப்படித்தான். விண்டோஸ் கணினியில் எக்ஸ்.இ. என்று முடியும் கோப்புகள் இருக்கின்றனவே, அவை வீட்டு அடுப்பு. சொடுக்கினால் தானாகத் தொடங்கும். அதற்கென்று ஒரு தொடக்க இடம் உண்டு. இயங்குதளம் அதற்கு நினைவகத்தில் தனி இடம் ஒதுக்கி, ஓர் எண்ணும் கொடுத்து, ‘நீ ஓடு’ என்று விடும். டி.எல்.எல். என்று முடியும் கோப்புகள் கோயில் அண்டா. அண்டாவை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் பார்த்துக் கொண்டிருந்தாலும் சோறு வேகாது. யாராவது ஒரு குடும்பம் அதைக் கேட்டு எடுத்துப் போய்த் தன் அடுப்பில் ஏற்ற வேண்டும். இதே வேலையைச் செய்யும் கோப்பு லினக்ஸில் எஸ்.ஓ. என்று முடியும். ஆப்பிள் மேக் கணினியில் டைலிப் என்று முடியும். பெயர் வேறு, காரியம் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஓர் எக்ஸ்.இ. கோப்பையும் ஒரு டி.எல்.எல். கோப்பையும் நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒன்றும் படிக்க முடியாது. ஆனால் இரண்டிலும் முதல் இரண்டு எழுத்து ‘எம் இசட்’ என்றே இருக்கும். டாஸ் காலத்தில் மைக்ரோசாப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற பொறியாளரின் பெயரெழுத்துகள் அவை. இரண்டும் ஒரே சட்டை போட்டவை. உள்ளே ஓரிடத்தில் ‘இது நூலகம்’ என்று சொல்லும் சின்னஞ்சிறு குறி ஒன்றுதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

நூலகத்துக்குள் இரண்டு பக்கமும் கணக்கு உண்டு. ‘என்னிடம் இன்னின்ன வேலைகள் கிடைக்கும்’ என்று நூலகம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ‘எனக்கு இன்னின்ன வேலைகள் இன்ன நூலகத்திலிருந்து வேண்டும்’ என்று நிரல் ஒரு பட்டியல் வைத்திருக்கும். நிரலைச் சொடுக்கிய அந்தக் கணத்தில் இயங்குதளம் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு இணைத்து வைக்கிறது. கேட்ட பொருள் சாமான் அறையில் இல்லையென்றால் சமையல் தொடங்காது. நாம் பார்க்கிற ‘காணவில்லை’ அறிவிப்பு அதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அண்டா பொது, அதில் போடும் அரிசி அவரவருடையது. ஒரே நூலகத்தைப் பத்து நிரல்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும், நூலகத்தின் கட்டளை வரிகள் நினைவகத்தில் ஒரு பிரதியாக இருந்தால் போதும். ஒவ்வொரு நிரலின் தரவும் தனித்தனியே இருக்கும்; ஒருவர் அரிசி மற்றவர் அரிசியோடு கலக்காது. இரண்டு மெகாபைட் நூலகம் பத்து நிரலுக்குத் தேவை என்றால், தனித்தனியே வைத்தால் இருபது மெகாபைட் ஆகும். பகிர்ந்தால் இரண்டோடு முடிந்தது.

நூலகம் என்ற பெயர் எப்படி வந்தது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-ஆம் ஆண்டு எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. வர்க்கமூலம் காண்பது, எண்ணை அச்சிடுவது போன்ற வேலைகள் எல்லாருக்கும் தேவைப்பட்டன. ஒவ்வொருவரும் புதிதாக எழுதினால் ஒவ்வொருவரும் புதிதாகத் தவறு செய்வார்கள். ஆகவே சரிபார்த்த துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாவில் பதித்து அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக் கொள்ளலாம். அந்த அலமாரிக்குத்தான் நூலகம் என்று பெயர். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இந்த முறையை 1951-இல் ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்கள்.

ஆனால் அங்கே படியெடுத்தார்கள், பகிரவில்லை. அண்டாவைப் பார்த்து வீட்டுக்கு வீடு ஓர் அண்டா வார்த்துக்கொண்டது போல. ஒரே பிரதியை எல்லா நிரலும் ஓடும்போதே பகிர்ந்துகொள்வது 1960-களில் மல்டிக்ஸ் என்ற அமைப்பில் செய்து பார்க்கப்பட்டது. 1985-இல் விண்டோஸின் முதல் பதிப்பு வந்தபோது அதன் அடித்தளமே பகிர்வு நூலகம்தான். வேறு வழியில்லை. அந்தப் பதிப்பு ஓடுவதற்குக் கேட்ட நினைவகம் 256 கிலோபைட். இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. வசதி இல்லாத வீட்டில்தான் பகிர்ந்துண்ணும் பழக்கம் முதலில் வரும் என்பார்கள். கணினியிலும் அதுவே நடந்தது.

நம் ‘கொ’ எழுத்து சொல்லும் பாடம்

இந்த விஷயத்துக்கு உலகில் எத்தனையோ உதாரணங்கள் உண்டு. நமக்கு மிக அருகில் இருப்பது நம் தமிழெழுத்துதான்.

‘கொ’ என்று எழுதுகிறோம். ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். யூனிகோடு முறையில் கணினி இதைச் சேமிக்கும்போது முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டே குறியீடுகளாகச் சேமிக்கிறது. குறி பின்னால் வருகிறது; ஆனால் திரையில் அதன் பாதி முன்னால் போய் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது யார்? எழுத்துருவும் நீங்கள் திறந்த நிரலும் தனியே செய்வதில்லை. எழுத்துகளை வரிசைப்படுத்தி ஒட்டிக் கொடுப்பதற்கென்றே ஒரு பகிர்வு நூலகம் இருக்கிறது. விண்டோஸில் நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தது யூனிஸ்கிரைப் என்ற டி.எல்.எல்.

விண்டோஸ் 2000 பதிப்பில் லதா எழுத்துருவோடு தமிழ் முதன்முதலாக உள்ளேயே வந்தது. 2001-இல் வந்த எக்ஸ்.பி. பதிப்பில் ஒரு சிக்கல். கடினமான எழுத்து முறைகளுக்கான வசதி வேண்டுமென்றால் வட்டார அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் குறியிட்டு, விண்டோஸ் வட்டையும் உள்ளே போட வேண்டும். வட்டு யாரிடம் இருந்தது? ஆகவே பல பள்ளிகளிலும் சைபர் கபேக்களிலும் தமிழ் இணையப் பக்கத்தைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கும். ‘தமிழ் கணினிக்கு ஒத்து வராது’ என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. தமிழில் ஒரு குறையும் இல்லை. சாமான் அறைக் கதவு திறக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அதே காலத்தில் இன்னொரு விசித்திரத்தையும் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரே கணினியில் வேர்டில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். வேறொரு நிரலில் சிதறும். காரணம், மைக்ரோசாப்ட் ஆபிஸ் தன் கோப்புறையில் யூனிஸ்கிரைப்பின் புதிய பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டிருந்தது. மற்றவை பழைய பொதுப் பிரதியை நம்பி இருந்தன. தனிச் சொத்து, பொதுச் சொத்து என்ற வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

இன்று கூகுள் குரோம், பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ், ஆண்ட்ராய்டு கைப்பேசி ஆகிய அனைத்திலும் தமிழை ஒட்டிக் கொடுப்பது ஹார்ப்பஸ் என்ற திறந்த மூல நூலகம். ஈரானைச் சேர்ந்த பெஹ்தாத் எஸ்பஹ்போத் என்ற பொறியாளர் வளர்த்தெடுத்தது. பெயரும் பாரசீகம்தான், திறந்த எழுத்து என்று பொருள். நீங்கள் காலையில் புலனத்தில் அனுப்பும் ‘இனிய காலை வணக்கம்’ ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒழுங்காகத் தெரிவதற்கு, முகம் தெரியாத அந்த மனிதரும் அவரோடு உழைத்தவர்களும் காரணம். 2010 வாக்கில் வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு செயலியையும் தனித்தனியே திருத்தியதால் அந்தக் கட்டங்கள் மறையவில்லை. அடியில் இருந்த பொது நூலகமும் எழுத்துருவும் சரியானபோது, மேலே இருந்த ஆயிரமாயிரம் செயலிகளிலும் ஒரே நேரத்தில் தமிழ் மலர்ந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பெருமைக்குரிய இடம் உண்டு. முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னர் முரசு அஞ்சல் வந்தது. 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. தொடக்கத்தில் இவை நாம் தனியே வாங்கிப் பொருத்த வேண்டிய மென்பொருள்கள். 2013-இல் ஆப்பிள் கைப்பேசியின் இயங்குதளத்திலேயே அஞ்சல் விசைமுகமும் தமிழ் 99 விசைமுகமும் இடம்பெற்றன. தனி அடுப்பாகத் தொடங்கிய ஒன்று ஊர்ப் பொதுச் சொத்தாக மாறிய கதை இது.

மதகில் கோளாறு வந்தால்

பகிர்வதில் இலாபம் மட்டும்தானா? இல்லை. எங்கள் யான் வட்டாரம் ஜெராய் மலைக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிறது. வயல்கள் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தை நம்பியவை. மூடா, பெடு அணைகளில் தேங்கும் நீர் வாய்க்கால் வழியாக வந்து இரண்டு போகம் விளைகிறது. அதற்கு முன்பே, 1885-இல் வான் மாட் சாமான் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். அலோர்ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் வரை ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வீட்டுக்கு வீடு கிணறு தோண்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மேலே மதகில் ஒரு கோளாறு என்றால் கீழே இருக்கும் எல்லா வயலுக்கும் அது கோளாறுதான்.

1990-களில் விண்டோஸில் இதுவே நடந்தது. புதிதாக ஒரு விளையாட்டு மென்பொருளைப் பொருத்துவோம். அது தனக்கு வேண்டிய டி.எல்.எல். பிரதியைக் கொண்டுவந்து, பொது இடத்தில் இருந்த பிரதியின் மேல் எழுதிவிடும். விளையாட்டு ஓடும், நேற்றுவரை ஓடிய கணக்கு மென்பொருள் படுத்துவிடும். ஒருவர் வந்து கோயில் அண்டாவை எடுத்துக்கொண்டு, தன் வீட்டு அண்டாவை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனது போல. ஆங்கிலத்தில் இதற்கு ‘டி.எல்.எல். நரகம்’ என்றே பெயர் வைத்தார்கள். விண்டோஸ் 2000-இல் முக்கியக் கோப்புகளுக்குக் காவல் போடப்பட்டது. எக்ஸ்.பி.யில் ஒரே நூலகத்தின் பல பதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைக்கும் முறை வந்தது.

லினக்ஸில் வேறு விதமான ஒழுக்கம். நூலகத்தின் பெயரிலேயே ஓர் எண் இருக்கும். பழைய நிரல் உடையும்படியான மாற்றம் செய்தால் எண்ணை மாற்ற வேண்டும். அங்கே எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான சி மொழி நூலகத்தின் பெயரில் இருக்கும் எண் ஆறு. 1997-இல் வந்த அந்த ஆறு இன்றும் ஆறாகவே இருக்கிறது. கொடுத்த வாக்கை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றியிருக்கிறார்கள். பொதுப் பொருளை வைத்துக் காக்கிறவர்களுக்கு வேண்டிய முதல் குணம் அதுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 2014 ஏப்ரல். இணையத்தில் கடவுச்சொல், வங்கி விவரம் ஆகியவற்றை மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற நூலகத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ‘ஹார்ட்பிளீட்’ என்று பெயர். உலகமே நடுங்கியது. ஆனால் அந்த நூலகத்தைப் பகிர்ந்து பயன்படுத்திய கணினிகளில், நூலகத்தின் ஒரு பிரதியை மாற்றி, நிரல்களை மறுபடி தொடங்கியதும் அந்த ஓட்டை அடைபட்டது. கசிந்திருக்கக்கூடிய சாவிகளையும் கடவுச்சொற்களையும் மாற்றுவது தனி வேலை. ஒரு மதகைச் சரிசெய்தால் எல்லா வயலுக்கும் நீர் பாயும்.

இரண்டாவது, 2021 டிசம்பர். லாக் போர் ஜே என்ற நூலகத்தில் ஓட்டை. இந்த நூலகத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் தத்தம் மென்பொருளுக்குள் தனிப் பிரதியாகப் பொதிந்து வைத்திருந்தன. பொது இடத்தில் ஒன்றை மாற்றினால் தீரவில்லை. எந்தெந்த மென்பொருளின் வயிற்றுக்குள் அது இருக்கிறது என்று தேடுவதே பெரிய வேலையாயிற்று. வீட்டுக்கு வீடு அண்டா வைத்திருந்தால், எந்த வீட்டு அண்டாவில் ஓட்டை என்று வீடு வீடாகப் போய்த்தானே பார்க்க வேண்டும்?

மூன்றாவது, 2024 மார்ச். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற சிறு நூலகம். அதை ஒரு தனிமனிதர் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். களைத்துப் போயிருந்தார். உதவி செய்வதாகச் சொல்லி வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். குறி வைத்தது அந்தச் சிறு நூலகத்தை அல்ல. அதைச் சுற்றுவழியில் பயன்படுத்திய, சேவைக் கணினிகளின் வாசற்கதவான வேறொரு நிரலை. மைக்ரோசாப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் அது பரவும் முன்பே பிடிபட்டது. சாமான் அறைச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய கேள்வி, பாருங்கள்.

எது மேல்?

அப்படியானால் எல்லாவற்றையும் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லதா, பகிர்வது நல்லதா? அடிக்கடி மாணவர்கள் கேட்கும் கேள்வி.

எழுத்துகளைத் திரையில் காட்டுவது, இணையத் தொடர்பு, மறைகுறியாக்கம் இவையெல்லாம் எல்லா நிரலுக்கும் தேவை. அடிக்கடி பாதுகாப்புத் திருத்தம் வரும். இவை பொதுவில் இருப்பதே சிறப்பு. ஒரு நிரலுக்கு மட்டும் உரிய வேலை, அல்லது குறிப்பிட்ட பதிப்பு இல்லையென்றால் கெட்டுப்போகும் வேலை, அதைத் தன்னோடு பொதிந்துகொள்வது நல்லது. இன்று நினைவகமும் வட்டு இடமும் மலிந்துவிட்டதால், கைப்பேசிச் செயலிகள் பல தமக்கு வேண்டிய நூலகங்களைத் தம்மோடு கட்டிக்கொண்டே வருகின்றன. ஒரு சாதாரண செயலி ஏன் இவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று வியக்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். சௌகரியம்தான். ஆனால் திருத்தும் பொறுப்பு ஒவ்வொரு செயலியைச் செய்தவரிடமும் போய்விடுகிறது. அவர் கைவிட்டுவிட்டால் பழைய ஓட்டை அப்படியே கிடக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இனி நடைமுறைக்கு வருவோம். ‘டி.எல்.எல். காணவில்லை’ என்ற அறிவிப்பு வந்தால் பதறாதீர்கள். முதலில் கோப்பின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, எந்த நிரலைத் திறக்கும்போது வந்ததோ அதை நீக்கிவிட்டு, அதை வெளியிட்டவர்களின் சொந்த அகப்பக்கத்திலிருந்து எடுத்து மறுபடியும் பொருத்துங்கள். நீக்குவதற்கு முன் உங்கள் வேலைக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். கோப்பின் பெயர் எம்.எஸ்.வி.சி. என்று தொடங்கினால், அது விஷுவல் சி நூலகத் தொகுப்பைச் சேர்ந்தது. மைக்ரோசாப்ட் அதை இலவசமாகவே தன் பக்கத்தில் வைத்திருக்கிறது. விண்டோஸைப் புதுப்பித்தும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். காணாமல் போன கோப்பின் பெயரை இணையத்தில் தேடி, ‘இங்கே இலவசமாகக் கிடைக்கும்’ என்று சொல்லும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை இறக்கிப் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். நூலகம் தனியே ஓடுவதில்லை என்று முன்பு சொன்னேன். அது நிரலின் வீட்டுக்குள் நுழைந்து, நிரலுக்கு உள்ள அத்தனை உரிமையோடும் வேலை செய்கிறது. அது திருட்டு நூலகமாக இருந்தால், திருடனை நீங்களே கதவைத் திறந்து உள்ளே அழைத்து வந்ததாகும். விண்டோஸ் பெரும்பாலும் நூலகத்தை முதலில் நிரல் இருக்கும் அதே கோப்புறையில் தேடும். பிறகுதான் பொது இடத்தில் தேடும். உடைத்த மென்பொருள் என்று இலவசமாகப் பகிர்கிறார்களே, அவற்றில் பலவற்றின் தந்திரம் இதுதான். பெயர் தெரிந்த நல்ல எக்ஸ்.இ. ஒன்றின் பக்கத்தில் கள்ள டி.எல்.எல். ஒன்றை வைத்துவிடுவார்கள். நீங்கள் நல்லதைத்தான் சொடுக்குவீர்கள். அது கள்ளனைக் கைப்பிடித்து அழைத்து வரும்.

கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், ‘அழிப்பதற்கு முன் என் படங்களையும் ஆவணங்களையும் எடுத்து வையுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை.

நமக்குக் காத்திருக்கும் வேலை

முடிப்பதற்கு முன், மனத்தை உறுத்தும் ஒரு செய்தி.

1990-களில் தமிழுக்கு எத்தனையோ எழுத்துருக்கள் வந்தன. அவற்றில் பலவும் ஆளுக்கொரு குறியீட்டு முறையை வைத்திருந்தன. ஒன்றில் ‘அ’ இருந்த இடத்தில் மற்றொன்றில் வேறெழுத்து. வீட்டுக்கு வீடு அடுப்பு மட்டும் இல்லை, வீட்டுக்கு வீடு அளவுப்படியும் வேறு. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் நம் கோலாலம்பூரிலும் அறிஞர்கள் மாநாடு கூடிப் பேசினார்கள். யூனிகோடு வந்து நிலைத்தது. ஆனால் அதற்கு முன் தட்டச்சு செய்த ஆவணங்கள்?

தோட்டத்துக் கோயில்களின் கூட்டக் குறிப்பு, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், இளைஞர் மன்றக் கணக்கு, துண்டாடப்பட்டு மறைந்த தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பட்டியல். இவற்றில் பல பழைய குறியீட்டில், நெகிழ்வட்டிலும் குறுவட்டிலும் கிடக்கின்றன. இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாகத் தெரியும். கோப்பு அழியவில்லை, படிக்கும் வழி மறைந்துவிட்டது. தோட்டம் போனது. லயம் போனது. அங்கே வாழ்ந்ததற்கான எழுத்தும் போக வேண்டுமா?

பழைய குறியீட்டை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்று தெரிந்தால் மாற்றுவது எளிது. அது தெரிந்தவர்கள் அன்று தட்டச்சு செய்தவர்கள்தான். அவர்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். நெகிழ்வட்டும் குறுவட்டும் நாளாக ஆகக் கெட்டுக்கொண்டே போகும். ஆலய நிர்வாகத்தினரும் பள்ளி வாரியத்தினரும் இந்த வாரமே அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக் கொள்கிறேன்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘நான் ஒரு செயலி செய்தேன்’ என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இருக்கிறது. அதைச் செய்யுங்கள். ஆனால் அந்தச் செயலியைத் தாங்கும் பொது நூலகங்களைப் பராமரிப்பவர்கள் உலகெங்கும் குறைவு. ஹார்ட்பிளீட் வந்தபோது, உலகின் பாதுகாப்பைச் சுமந்த அந்த நூலகத்துக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒருவர்தான். தமிழுக்கான சொற்பிழை திருத்தி, ஒற்றுமிகும் இடம் காட்டும் கருவி, பழைய குறியீடு மாற்றி, அகரவரிசைப்படுத்தும் முறை இவையெல்லாம் பொது நூலகங்களாக வளர வேண்டியவை. ஒரு பிழையைக் கண்டு எழுதி அனுப்பினாலும் அது சேவைதான். திருத்தியவர் பெயர் திரையில் வராது. ஆனால் அந்தத் திருத்தம் கெடாவில் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்தில் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கும், மதுரையில் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கும் ஒருசேரப் போய்ச் சேரும்.

நம் பெரியவர்கள் தோட்டத்தில் நாள்கூலி வாங்கிக்கொண்டே, ஆளுக்கொரு வெள்ளி போட்டுக் கோயிலுக்கு அண்டா வாங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் அதில் தம் வீட்டுக் கல்யாணச் சோறு வேகும்வரை இருந்தார்களோ இல்லையோ, ஊர் சாப்பிட்டது. இந்தத் தலைமுறை வாங்கி வைக்க வேண்டிய அண்டா கணினிக்குள் இருக்கிறது.